நான்கு நட்டுகளும் ஒரு நகமும்

மைதீன் பாய் கண்களை மூடிக்கொண்டார்.

அவருடைய இடக்கையில் உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்புத் தகடு இருந்தது. அதைச் செதுக்கி முடித்துச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. இளஞ்சூடு இன்னும் ஆறவில்லை. வலக்கைக் கட்டைவிரலின் நகத்தைத் தகட்டின் ஒரு விளிம்பில் ஊன்றி, மறு விளிம்பை நோக்கி மிக மெதுவாக இழுத்தார். மேலே, தகரக் கூரை வெயிலில் விரிந்து ஓசையிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் நால்வரும் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நகம் ஓரிடத்தில் தயங்கியது. நகர்ந்தது. மீண்டும் ஓரிடத்தில் தயங்கியது.

“தடுக்குது” என்றார்.

“எத்தன எடத்துல, பாய்?” என்று கேட்டார் என் கணவர்.

“ரெண்டு எடத்துல. கட்டர் மூணு தடவ போயிருக்கு. மூணுக்கும் நடுவுல ரெண்டு படி நிக்குது. கட்டரப் பிடிச்சிருக்குற மெசின் தல சாஞ்சிருக்கு அண்ணாச்சி. இது தேறாது. டீச்சர், எழுதிக்கிடுங்க.”

நான் எழுதிக்கொண்டேன். பிறகு அந்தத் தகட்டைக் கேட்டு வாங்கி, அவர் செய்ததைப் போலவே என் நகத்தால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தகட்டின் முகம் கண்ணாடியைப் போலிருந்தது. என் மூக்குக்கண்ணாடியின் வளைவுகூட அதில் மங்கலாகத் தெரிந்தது. அவர் சொன்ன படியின் உயரம் இருபது மைக்ரான் என்று பிற்பாடு அளந்து சொன்னார்கள். தலைமயிர் ஒன்றின் பருமனில் அது மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இயந்திரத்தின் அருகில் நின்ற செண்பகம் தகட்டைப் பார்க்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி இன்னும் வரவில்லை

இந்தத் தொடரில் இதுவரை என் பள்ளிக்கூடத்தையே எழுதிவந்தேன். திருவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருந்த எனக்கு, இராஜபாளையத்தில் இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. தென்காசிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் கணவரின் பட்டறை. சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும் அங்கே ஒரு மேசையில் அமர்ந்து, வரும் மடல்களுக்கு மறுமொழி எழுதுவது என் வேலை. கணவர் எழுதினால் ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த வரியிலும் எழுவாய் இருக்காது.

எங்களூரில் நூற்பாலைகள் இருப்பதைப் போலவே, காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் கூடங்களும் உண்டு. நெய்த துணியைச் சுருளாகச் சுற்றும் இயந்திரத்தில் ‘கேம்’ என்றொரு வட்டு சுழலும். அது முழு வட்டமன்று. ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் ஒடுங்கியும் இருக்கும். அந்த விளிம்பின் ஏற்ற இறக்கந்தான் துணியை இழுக்கவும் விடவும் செய்கிறது. விளிம்பு பிசகினால் சுருள் கோணும். எங்கள் பட்டறை பெரும்பாலும் உயிர் வாழ்ந்தது அந்த வட்டுகளால்.

அவற்றைப் பழைய மில்லிங் இயந்திரத்தில், இரண்டு கைப்பிடிகளை இரு கைகளாலும் ஒரே சமயத்தில் சுற்றி, கண்ணளவால் செதுக்குவார் என் கணவர். ஒரு வட்டுக்கு ஒரு பகல் ஆகும். அவ்வாறு பல ஆண்டுகள் சுற்றியதில் அவருடைய வலத்தோள் ஒருநாள் உயர மறுத்துவிட்டது. சட்டை போடவும் என் உதவி வேண்டியதாயிற்று.

ஆகவேதான் கணினியின் ஆணைப்படி உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்க நினைத்தோம். பெரிய ஆலைகளில் உள்ளவை யானைக் கனம். எங்கள் சந்துக்குள் நுழையா. எங்கள் வசதிக்கும் அடங்கா. அந்நாள்களில் சிறு பட்டறைகளுக்கென்று குறைந்த விலையில் சில வரத் தொடங்கியிருந்தன. கடல் கடந்து துண்டு துண்டாக வந்து, கோயம்புத்தூரில் பூட்டப்பட்ட ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் எங்கள் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும். சரியில்லை என்றால் விற்றவர்களே வந்து எடுத்துச் செல்வார்கள்.

இயந்திரம் வந்தால் அதை இயக்க ஆள் வேண்டும். செண்பகம் வந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. வத்திராயிருப்புக்காரி. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் பத்தாண்டுகள் சிஎன்சி இயந்திரங்களில் வேலை பார்த்தவள். தந்தைக்கு ஒரு பக்கம் செயலிழந்துபோனதால் ஊருக்குத் திரும்பியிருந்தாள். அவள் கற்ற தொழிலுக்கு இந்தப் பக்கத்தில் அவள் கேட்ட இடங்களிலெல்லாம் இயந்திரம் இல்லை. எங்களிடம் மட்டும், அதுவும் பதினைந்து நாள் தவணையில், ஒன்று இருந்தது. காலை முதல் பேருந்துக்கு முன்பே தந்தைக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவாள்.

“உன் சாமானெல்லாம் வந்துட்டாம்மா?” என்று முதல் நாள் கேட்டேன்.

“பெட்டி அங்கனதான் கெடக்கு டீச்சர், கூட இருந்த அக்கா ரூம்புல. மெசின் நின்னுச்சுன்னா பெட்டிய வரச்சொல்லுவேன். நிக்கலன்னா நான் பெட்டிகிட்டப் போவேன்.”

“அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?”

அவள் இயந்திரத்தின் மேசையைக் கழிவுப் பஞ்சால் துடைக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே தூய்மையாக இருந்தது.

மூவர் சொன்னவை

விலை குறைந்த இயந்திரங்களைப் பற்றித் தொழிலறிந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. அந்தப் பதினைந்து நாளில் நான் கேட்ட பேச்சுகள் என்னை மலைக்கச் செய்தன. ஒரு பாட்டுக்கு மூன்று உரைகள் இருந்தால் மூன்றையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் பழக்கமுடையவள் நான். இங்கே பாட்டின் இடத்தில் ஓர் இரும்புத் தூண் நின்றது.

மைதீன் பாய் திருவில்லிபுத்தூரில் சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். என் கணவரும் அவரும் இளமையில் ஒரே ஆலையில் வேலை பழகியவர்கள். அவருக்கு இயந்திரம் என்றால் கனம். வந்ததும் முதல் வேலையாக அதன் தூணை விரல் முட்டியால் தட்டி, காதை அருகே வைத்துக் கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, டங்குங்குது! எங்கூருப் பால்கோவா டப்பா இதவிடக் கனமா இருக்குமே. வெட்டும்போது மெசின் நகராம இருக்கணும்னா இரும்பு வேணும். இரும்ப மிச்சம் பிடிச்சவன் மெசின் செய்யப்படாது, பொம்ம செய்யணும்.”

இராமராஜு வேறு விதம். நூற்பாலை ஒன்றின் பழுதுபார்ப்புக் கூடத்தில் முப்பதாண்டுகளாக இருப்பவர்; வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பெரும்பாலும் இரண்டிலும் மௌனம். தட்டிப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து மரப்பெட்டி ஒன்றை எடுத்தார். அதனுள் வெல்வெட்டில் பொதிந்த டயல் ஒன்று இருந்தது. கடிகாரம் போன்ற முகமும் மெல்லிய முள்ளும் உள்ள அளவுகருவி. அதை இயந்திரத்தின் ஒவ்வோர் அச்சிலும் பொருத்தி ஒரு மணி நேரம் பார்த்தார்.

“மேசயத் தள்ளுற ஸ்க்ரூ நல்லா இருக்கு. அது ஓடுற தண்டவாளம் நல்லா இருக்கு. எலும்பு சரி பாய். சதைதான் இல்ல” என்றார்.

“சதையில்லாத ஆளு மூட்ட தூக்குவானா?”

“மூட்ட தூக்கச் சொன்னது யாரு? கேம் வெட்டத்தானே வாங்குறாங்க.”

அன்று அவர் எனக்கு ஒன்று காட்டினார். டயலை இயந்திரத்தின் மேசைமேல் பொருத்திவிட்டு, “டீச்சர், இந்தத் தூண்ல கைய வெச்சுக்கிட்டே இருங்க” என்றார். வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. செத்த நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு அந்த முள், உறக்கத்தில் புரளும் குழந்தையைப் போல, ஒரு கோட்டின் பாதியளவு சாய்ந்தது.

“என்ன செய்தேன்?” என்று கையை இழுத்துக்கொண்டேன்.

“ஒண்ணும் செய்யல. உங்க உடம்புச் சூட்டுல இரும்பு வளந்துச்சு.”

ஆடவர் இருவர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத அந்தத் தூண், என் உள்ளங்கை வெப்பத்தை உணர்ந்து நிமிர்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் நான் ‘திண்மை’ என்ற சொல்லை மாணவியருக்கு எவ்வளவு அலட்சியமாக விளக்கியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாவது கருத்து செண்பகத்தினுடையது. அவள் இயந்திரத்தை ஓடவிட்டுக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டர் இரும்பில் இறங்கும்போது எழும் ஒலி தடித்தால் வேகத்தைக் குறைப்பாள், மெலிந்தால் கூட்டுவாள்.

“ஒரே வாயில அள்ளித் திங்குற மெசின் இல்ல பாய் இது. கொஞ்சங் கொஞ்சமா ஊட்டணும். பெரிய மெசின்ல ஒரு தடவ வெட்டுறத இதுல நாலு தடவையா வெட்டணும், அம்புட்டுத்தான். நேரம் கூட ஆகும். அளவு வந்துரும்.”

“வரட்டும், பாக்கேன்” என்றார் மைதீன் பாய்.

அந்த நகத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு

இறுதித் தீர்ப்பை மைதீன் பாயிடம் என் கணவர் விட்டதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

எங்களுக்குத் திருமணமான புதிதில், மூடப்பட்ட ஓர் ஆலையிலிருந்து பழைய மில்லிங் இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தது. பச்சை வண்ணம் பூசிப் பளபளவென்று நின்றது. என் கணவர் மயங்கிவிட்டார். மைதீன் பாய் அதன் அடிப்பகுதியில் நகத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு, “வேண்டாம் அண்ணாச்சி, உள்ள வெடிப்பு இருக்கு, மக்கு பூசி மறச்சிருக்கான்” என்றார். அந்த நகம் வண்ணத்தின் கீழ் வெடிப்பை அடைத்திருந்த பசையின் மென்மையை உணர்ந்திருந்தது. இளமைச் செருக்கில் என் கணவர் கேட்கவில்லை. வாங்கினார். நான்காம் மாதம், மழை பெய்து ஐயனார் கோவில் ஓடையில் தண்ணீர் வந்த மறுநாள் காலை, அந்த இயந்திரம் பெரிய வெட்டொன்றின் நடுவில் வாய் பிளந்தது.

மைதீன் பாய் வந்து பார்த்தார். “நான் சொன்னேன்லா” என்று அவர் சொல்லவில்லை. வெல்டிங் குச்சி எங்கே என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அந்த நகம் தடுத்த எதுவும் தங்கியதில்லை.

நட்டு முறுக்கும் சடங்கு

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பின்னால் வந்த துன்பமெல்லாம் அதிலிருந்து பிறந்தது.

எங்கள் பகுதிப் பட்டறைகளில் புதிய இயந்திரம் வந்தால், அதன் நான்கு கால்களையும் தரையில் பதித்த போல்ட்டுகளில் பூட்டுவார்கள். ஒவ்வொரு நட்டையும் ஒவ்வொருவர் முறுக்க வேண்டும். தொழிலில் மதிக்கத்தக்கவர்களை அதற்கென்றே அழைப்பார்கள். ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயொன்றைச் செருகி, இரும்பு ‘கிறீச்’ என்று முனகும் வரை முறுக்குவது மரியாதை. அந்த முனகல் கேட்டால்தான் கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். தம் வலிமையை அந்த இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவதாக அதற்குப் பொருள்.

இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்த கோயம்புத்தூர் ஆள், அதைச் சிறு ரப்பர்ப் பாதங்கள்மேல் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, செண்பகத்தைக்கொண்டு ஒரு தகட்டை வெட்டிக் காட்டிவிட்டு அன்றே ஊர் திரும்பினார். அந்த முதல் தகட்டை நான் எடுத்துக்கொண்டேன். விடைத்தாள் கட்டுகளின்மேல் வைக்கப் பொருத்தமாக இருந்தது.

அவர் சென்ற பிறகு என் கணவர் இயந்திரத்தின் அடியில் குனிந்து பார்த்தார். நான்கு மூலையிலும் நான்கு துளைகள் இருந்தன.

“ஓட்டையிருக்கு. போல்ட் போடாம மறந்துட்டுப் போயிட்டான்” என்றார்.

துளை என்று ஒன்று இருந்தால் அதில் போல்ட் இருக்க வேண்டும் என்பதில், பட்டறையில் வளர்ந்த எவருக்கும் ஐயம் வராது. மறு வெள்ளிக்கிழமை மாலை தரையைத் துளைத்து நான்கு போல்ட்டுகளைப் பதித்தார்கள். எலுமிச்சை, குங்குமம், கற்பூரம். முதல் நட்டை மைதீன் பாய் முறுக்கினார், அவர் உடல் முழுவதும் குழாயின்மேல் சாய்ந்தது, இரும்பு முனகியது, கைதட்டினோம். இரண்டாவது இராமராஜு. மூன்றாவது செண்பகம், அவள் குழாயின்மேல் ஏறியே நின்றுவிட்டாள்.

“ஏ தாயி, ஸ்பானர முறிச்சிராத!” என்று சிரித்தார் மைதீன் பாய்.

நான்காவது நட்டை முறுக்க வேண்டியவர் என் கணவர். அவருடைய தோள் இடம் கொடுக்கவில்லை. குழாயை என்னிடம் நீட்டினார். “எனக்காக நீ முறுக்கு.”

சுண்ணக்கட்டி பிடித்த கை எவ்வளவு முறுக்கும்? முனகல் எழவில்லை. மைதீன் பாய் குழாயை வாங்க முன்வந்தார். “செத்தக் குடுங்க டீச்சர், நான் ஒரு அழுத்து அழுத்திருதேன்.”

“இருக்கட்டும் பாய்” என்று தடுத்தார் என் கணவர். “அவ முறுக்குனது நான் முறுக்குனது.”

முதல் தகடு

இனி அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. நகம் தடுத்துவிட்டது. நான் மேசையில் அமர்ந்து மடல் எழுதினேன். ‘தாங்கள் அனுப்பிய இயந்திரம் செவ்விய நிலையில் நின்று தொழிற்படாமையின், அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்’ என்ற தொடர் எனக்கு மிகவும் நிறைவளித்தது. ஒரு சொல் மிகையில்லை. ஒரு சொல் குறையில்லை.

படித்துக் காட்டினேன். மைதீன் பாய் தலையசைத்தார். இராமராஜு தரையைப் பார்த்தார். என் கணவர் கையெழுத்திடப் பேனாவை இடக்கையில் வாங்கினார்.

“டீச்சர்” என்றாள் செண்பகம். “மெசின் வந்த அன்னைக்கு வெட்டுன தகடு எங்க?”

“பள்ளிக்கூடத்தில் இருக்கிறதம்மா. விடைத்தாள்மேல் வைத்திருக்கிறேன்.”

“அத ஒருக்காப் பாக்கணும்.”

“எதுக்கு?” என்றார் மைதீன் பாய்.

“அன்னைக்கு நகம் தடுத்துச்சான்னு யாரும் பாக்கல பாய். அன்னைக்கும் தடுத்துச்சுன்னா மெசின்ல குத்தம். தடுக்கலன்னா…” அவள் இயந்திரத்தின் கால்களைப் பார்த்தாள். “நடுவுல நாம என்னமோ செஞ்சிருக்கோம்.”

“நாம என்ன செஞ்சோம்?”

“நட்டு முறுக்குனோம்.”

மைதீன் பாயின் முகம் சிவந்தது. “ஏம்மா, நான் எத்தன பட்டறையில நட்டு முறுக்கியிருக்கேன் தெரியுமா? நான் முறுக்குன மெசினெல்லாம் இன்னைக்கும் ஓடுது. என் கையில குத்தம்னு சொல்லுதியா?”

“கைய சொல்லல பாய். இழுத்துப் பூட்டுனதுல மெசின் உடம்பு கோணிருச்சோ, கைக்கு இது தாங்கலையோன்னு கேக்கேன். டப்பான்னு நீங்கதான சொன்னீங்க?”

இராமராஜு இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தோன்றியது.

நான் புறப்பட்டேன். நகரப் பேருந்து மெதுவாகவே போகும்; அன்று இன்னும் மெதுவாகப் போவதாகப் பட்டது. திருவில்லிபுத்தூரில் பள்ளிக் காவலரை அழைத்து ஆசிரியர் அறையைத் திறக்கச் செய்து, ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களின் மேலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அது என் மடியில் கிடந்தது. பேருந்துச் சன்னலில் மேற்குமலை நீலமாக உடன் வந்தது. பலமுறை என் நகத்தால் அதன் முகத்தை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்கு மற்றதிலும் ஒன்றும் தெரியவில்லையே! ஒரு குடும்பத்தின் போக்கை முடிவுசெய்யப்போகும் செய்தி என் மடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க எனக்கு எழுத்தறிவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எழுதப் படிக்கத் தெரியாதவளின் தவிப்பு எனக்குப் புரிந்தது.

மைதீன் பாய் மதிய உணவுக்கும் வீடு திரும்பாமல் காத்திருந்தார். தகட்டை வாங்கினார். கண்களை மூடினார். நகத்தை இழுத்தார். தகட்டைத் திருப்பிக் குறுக்கே இழுத்தார். சுட்டுவிரல் நகத்தால் இழுத்தார். பிறகு கண்களைத் திறந்து செண்பகத்தைப் பார்த்தார்.

“தடுக்கல.”

முள் நகர்ந்தது

இராமராஜு டயலை எடுத்து இயந்திரத்தின் தலையில் பொருத்தி, அதன் முனையை மேசையின்மேல் ஊன்றினார். முள்ளைச் சுழியத்தில் நிறுத்தினார். என் கணவர் ஸ்பானரை எடுக்கக் குனிந்தபோது மைதீன் பாய் அதைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

“என் நட்ட நாந்தான் கழத்தணும்.”

அதே குழாயைச் செருகினார். கால்களை அகற்றி நின்று இழுத்தார். நட்டு பெரிய முனகலோடு இளகியது.

முள் நகர்ந்தது.

ஒரு கோடு. இரண்டு. ஐந்து. அது நகர்ந்துகொண்டே போனது. எங்கோ கீழே, தரையின் ஓரத்தில், ஒரு மனிதர் ஒரு நட்டைத் தளர்த்துகிறார்; மேலே, மார்பளவு உயரத்தில், அத்தனை கனமான இரும்பு அடக்கிவைத்த மூச்சை வெளிவிடுவதைப் போல நிமிர்கிறது. கண்ணுக்கு எந்த அசைவும் இல்லை. முள்ளுக்கு மட்டும் தெரிகிறது. அன்று நான் பார்த்ததை ஒத்த ஒன்றை நான் எந்தக் கோவிலிலும் பார்த்ததில்லை என்று சொன்னால் படிப்பவர்கள் மிகை என்பார்கள். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

“எம்புட்டு?” என்று கீழிருந்தே கேட்டார் மைதீன் பாய்.

“பன்னண்டு மைக்ரான்” என்றார் இராமராஜு. “என்னுதையும் எடுங்க.”

இராமராஜுவின் நட்டு இளகியது. முள் மேலும் சென்றது. செண்பகத்தின் நட்டு இளகியது. முள் தயங்கி, சற்றுத் திரும்பி, நின்றது. நான்காவது என்னுடையது. மைதீன் பாய் குழாயைச் செருகவே தேவைப்படவில்லை. வெறும் ஸ்பானருக்கே நட்டு சுழன்றது. நாங்கள் எல்லோரும் முள்ளைப் பார்த்தோம். அது அசையவே இல்லை.

முதலில் சிரித்தவர் என் கணவர். பிறகு இராமராஜு. மைதீன் பாய் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“டீச்சர் நட்டு மட்டுந்தான் மெசின ஒண்ணும் செய்யல! நாங்க மூணு பேரும் பாசத்துல கழுத்த நெரிச்சிருக்கோம்!”

இராமராஜு கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் இருந்தவரின் குரல் எங்களுக்கே கேட்டது. “அய்யோ அண்ணே, அது கப்பல்ல வரும்போது ஆடாம இருக்கக் கட்டுற ஓட்டைங்க! அதுல யாராச்சும் போல்ட் போடுவாங்களா?”

“நாங்க போடுவோம்” என்றார் இராமராஜு.

ரப்பர்ப் பாதங்களைத் திருத்தினார்கள். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வந்து நின்றது. செண்பகம் புதிய தகடொன்றைப் பூட்டி, வேகத்தைக் குறைத்து வைத்தாள். கட்டர் இறங்கியது. பால் நிறக் குளிர்நீர் வழிந்தது. உலோகத் துருவல்கள் மினுமினுத்துப் பறந்தன. மூன்று தடவை போய் வந்தது. அவள் தகட்டைக் கழற்றித் துடைத்து, மைதீன் பாயிடம் நீட்டினாள். பிறகு மறுபடியும் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவர் கண்களை மூடினார். நகம் ஒரு விளிம்பில் தொடங்கி, எங்கும் நிற்காமல், மறு விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

இரண்டாம் மடல்

“டீச்சர், அந்தத் தாளக் கிழிச்சிருங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க” என்றார்.

அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதினேன். அவ்வப்போது அவர் நிறுத்தி, “சரியா இருக்கா?” என்று இராமராஜுவையும் செண்பகத்தையும் கேட்டுக்கொண்டார்.

‘மெசின் கனம் இல்ல. பெரிய வெட்டுக் குடுத்தா அதிரும். அதுக்கு இத வாங்கக்கூடாது. கொஞ்சங் கொஞ்சமா வெட்டுனா நகம் தடுக்கல. ஸ்க்ரூவும் தண்டவாளமும் நல்லா இருக்கு. நாலு ஓட்டைக்குப் பக்கத்துல இதுல போல்ட் போடாதீங்கன்னு எழுதி ஒட்டுங்க. நாங்க போட்டோம். குத்தம் மெசின் மேல இல்ல, எங்க மேல. நாங்க இத வச்சுக்கிடுதோம்.’

“கீழ என் பேர மொதல்ல போடுங்க” என்றார். “ரெண்டாவது ராஜு. மூணாவது அந்தப் புள்ள.”

“செண்பகம் எதற்கு? அவள்தானே கண்டுபிடித்தாள்?”

“அவளுந்தான குழாய்மேல ஏறி நின்னா?”

முப்பதாண்டுகள் பிறருடைய தமிழைத் திருத்தியே பிழைத்தவள் நான். அந்த மடலில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. திருத்த இடமிருக்கவில்லை. என் நகமும் எங்கும் தடுக்கவில்லை என்றே சொல்லலாம்.

மூவரும் கையெழுத்திட்டார்கள். என் கணவர் இடக்கையால் நான்காவதாக இட்டார். கழற்றிய நான்கு நட்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து வைத்தேன். இன்று இவற்றை எழுதும் தாள்களின்மேல் இருப்பவை அவைதாம். தகடுகள் மூன்றும் பட்டறையிலேயே தங்கிவிட்டன.

செண்பகத்தைக் காணவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். சந்தின் முனையில், வேப்ப மரத்தடியில் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆலையின் சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. அதையும் மீறிக் கேட்க வேண்டுமென்று அவள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாந்தான் செண்பகம். என் பெட்டிய ராசபாளையம் பஸ்ஸுல ஏத்திவிடுங்க… ஆமா, நீலப் பெட்டி… இல்லக்கா, நான் வரல. பெட்டி மட்டும் வந்தாப் போதும்.”